நால்வர் ஏறும் வண்டியில் ஒருவர்

டாங்கியின் மேல் விளையாட்டு உலகத்துக்கு ஆர்வம் இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. பெலாரூசின் மின்ஸ்க் நகரில் தொடங்கிய வார்கேமிங் நிறுவனம் 2010-இல் வெளியிட்ட ‘வேர்ல்ட் ஆஃப் டாங்க்ஸ்’ உலகெங்கும் பெருங்கூட்டத்தைச் சேர்த்தது. பின்னால் வந்த ‘வார் தண்டர்’ இன்றும் அந்தக் கூட்டத்தைப் பங்கிட்டுக்கொண்டிருக்கிறது. ஆனால் அதே டாங்கியை உள்ளேயிருந்து காட்டுகிற, அதன் கவசத்தின் சாய்வையும் குண்டின் வேகத்தையும் கணக்கிட்டு விளைவைத் தீர்மானிக்கிற சிமுலேட்டர்களிடம் வந்தால் கூட்டம் சட்டென்று கரைந்துவிடுகிறது. அந்தச் சிமுலேட்டர்களில் புதிய வாகனங்களையும் களங்களையும் சேர்த்து ரசிகர்களே உருவாக்கும் மோட்களிடம் வந்தாலோ, அங்கிருப்பவர்கள் ஒருவரையொருவர் பெயரால் அறிந்திருக்கும் அளவுக்கு வட்டம் சுருங்கிவிடுகிறது. அந்தச் சிறிய வட்டத்தில் நானும் நெடுங்காலமாக இருக்கிறேன். அது ஏன் விரிவதேயில்லை என்பதற்கு எனக்குத் தோன்றிய விடையை இங்கே எழுதிவைக்கிறேன்.

வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள் சில உண்டு. கற்றுக்கொள்வது கடினம், விலை அதிகம், காட்சிகள் பழையவை, விளம்பரம் கிடையாது என்பார்கள். எல்லாவற்றிலும் ஓரளவு உண்மை இருக்கிறது. எல்லாவற்றையும் சேர்த்தாலும் முழு விடை கிடைக்காது. அதற்கான சான்று வார் தண்டருக்குள்ளேயே இருக்கிறது. அதில் ஆர்கேட், ரியலிஸ்டிக், சிமுலேட்டர் என மூன்று முறைகளில் மோதலாம். மூன்றிலும் ஓடுபவை அதே டாங்கிகள்தாம், காட்சிகளின் தரமும் ஒன்றுதான், எதில் நுழைவதற்கும் கட்டணம் இல்லை. சிமுலேட்டர் முறையில் மட்டும் டாங்கிக்குப் பின்னால் உயரத்தில் மிதந்துகொண்டிருக்கும் கண் பறிக்கப்படுகிறது. எதிரியின் தலைக்கு மேல் பெயர் எழுதிக் காட்டப்படுவதில்லை. கமாண்டரின் தலை இருக்கும் இடத்திலிருந்து தெரிவதும் பீரங்கியைச் சுடும் கன்னரின் குறிநோக்கிக் கண்ணாடியில் தெரிவதும்தான் காட்சி. மூன்று முறைகளில் ஆள்வரத்து மிகக் குறைந்தது அதுதான். எந்தெந்த வாகனங்களை எந்த நாளில் எடுத்துச் செல்லலாம் என்று அதற்கு மட்டும் சுழற்சி வைத்திருப்பதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். இருக்கிற சிலரையும் ஒரே இடத்தில் குவிக்க அது உதவுகிறது என்பது என் கணிப்பு. விலையும் விளம்பரமும் காட்சித் தரமும் ஒன்றாகவே இருக்கும்போதும் கூட்டம் கலைகிறதென்றால், காரணத்தை வேறெங்கோதான் தேட வேண்டும்.

துல்லியத்தில் மக்களுக்கு நாட்டமில்லை என்றும் சொல்ல முடியாது. 2021-இல் பிரிட்டனின் சேலஞ்சர் 2 டாங்கி விளையாட்டில் தவறாக வடிக்கப்பட்டிருக்கிறது என்று நிரூபிப்பதற்காக ஒருவர் அந்த டாங்கியின் கட்டுப்படுத்தப்பட்ட ஆவணத்தின் பக்கங்களை வார் தண்டரின் கருத்துக்களத்தில் இட்டார். அதே ஆண்டில் பிரான்சின் லெக்லெர் டாங்கிக்கும் அதுபோல ஒன்று நடந்தது. கவசத்தின் ஒரு தகட்டுக்காகச் சிறைக்குப் போகவும் துணிகிறவர்கள் பெருங்கூட்ட விளையாட்டிலேயே இருக்கிறார்கள். டாங்கி எப்படி இருக்க வேண்டும் என்பதில் அவர்கள் காட்டும் பிடிவாதம் எந்தச் சிமுலேட்டர் ரசிகனுடைய பிடிவாதத்துக்கும் குறைந்ததல்ல. அவர்கள் ஏற்க மறுப்பது டாங்கியின் உள்ளே உட்காருவதை மட்டும்தான்.

உள்ளே உட்கார்ந்தால் முதலில் நேர்வது பார்வையிழப்பு. இதைக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். 1920 புள்ளிகள் அகலமுள்ள திரையில் 90 டிகிரிக் காட்சி விரிகிறது என்று வைத்துக்கொள்வோம். திரையின் நடுவில் ஒரு புள்ளி ஏறக்குறைய ஒரு மில்லிரேடியன் கோணத்தை அடைக்கும். அதாவது, ஆயிரம் மீட்டருக்கு அப்பால் ஒரு மீட்டர். மூன்றரை மீட்டர் அகலமும் இரண்டேகால் மீட்டர் உயரமும் உள்ள ஒரு டாங்கி இரண்டு கிலோமீட்டர் தொலைவில் நின்றால், அது திரையில் அகலவாக்கில் இரண்டு புள்ளிகளைக்கூட நிறைக்காது. உயரவாக்கில் ஒரே ஒரு புள்ளிதான். நல்ல மனிதக் கண் அதைவிட மூன்று மடங்கு நுட்பமாகப் பார்க்கக்கூடியது. ஆகவே கமாண்டர் மூடியைத் திறந்து தலையை வெளியே நீட்டிப் பார்க்கும் காட்சியைச் சிமுலேட்டர் எவ்வளவு நேர்மையாகக் காட்டினாலும், நாம் உண்மையான கமாண்டரைவிடக் குருடர்களாகவே இருக்கிறோம். கன்னரின் கண்ணாடிக்குள் போனால் உருப்பெருக்கம் கிடைக்கும். அப்போது உலகம் ஒரு சிறிய வட்டமாகக் குறுகிவிடும். இந்த இரண்டுக்கும் இடையே மாறிமாறிப் புதர்களைத் துழாவுவதில்தான் பெரும்பாலான நேரம் கழிகிறது. திடீரென்று உலோகம் அதிரும் ஒலி, புகை, திரை கறுத்துவிடும். யார் சுட்டது, எங்கிருந்து என்பது நமக்குத் தெரியாமலே ஆட்டம் முடிந்திருக்கும்.

உக்ரைனின் கார்கிவ் நகரைச் சேர்ந்த கிராவிடீம் நிறுவனம் 2007-இல் வெளியிட்ட ‘ஸ்டீல் ஃப்யூரி: கார்கோவ் 1942’ இந்தக் குருட்டுத்தனத்தை நான் அறிந்தவரை மிகக் கறாராகக் காட்டியது. தங்கள் ஊரைச் சுற்றி 1942 மே மாதம் நடந்த பெரும்போரைத்தான் அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். சோவியத்தின் டி-34, பிரிட்டன் அனுப்பிய மட்டில்டா, ஜெர்மனியின் நான்காம் பன்சரில் நீண்ட குழல் பொருத்திய எஃப்2 வகை ஆகிய மூன்றையும் ஓட்டலாம். அந்தக் காலத்து டி-34-இன் டரெட்டுக்குள், அதாவது பீரங்கியைச் சுமந்து சுழலும் மேற்கூண்டுக்குள், இருவருக்குத்தான் இடம் உண்டு. கமாண்டரே கன்னரும் ஆவார். அவர் குறி பார்க்கும்போது களத்தைப் பார்க்க ஆளில்லை, களத்தைப் பார்க்கும்போது பீரங்கிக்கு ஆளில்லை. நான்காம் பன்சரிலோ மூவர் அமர்ந்து வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். 45 மில்லிமீட்டர் சாய்வுக் கவசம் இருந்தும் டி-34 ஏன் அத்தனை எளிதாகச் சாய்ந்தது என்பதை அந்த விளையாட்டில் ஒரு மாலைப்பொழுது உட்கார்ந்தாலே உடம்பு உணர்ந்துகொள்ளும். எஃப்2-இன் குண்டு நொடிக்கு 740 மீட்டர் வேகத்தில் புறப்படும். ஆயிரம் மீட்டரைக் கடக்க அதற்கு ஏறக்குறைய ஒன்றரை நொடி ஆகும். அதற்குள் மணிக்கு 30 கிலோமீட்டரில் குறுக்கே ஓடும் எதிரி பன்னிரண்டு மீட்டர், அதாவது தன் நீளத்தைப் போல இருமடங்கு, நகர்ந்திருப்பான். தொலைவைக் கண்ணால் மதிப்பிட்டு, முன்தள்ளிக் குறிவைத்து, சுட்டு, தவறி, திருத்தி மீண்டும் சுட வேண்டும். இதில் உள்ள இன்பத்தை அறிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அறியாதவர்களுக்கு விளக்கி நான் வெற்றி பெற்றதுமில்லை.

பார்வையிழப்பும் காத்திருப்பும்தான் கூட்டத்தைத் துரத்துகின்றன என்று நான் நெடுநாள் நம்பியிருந்தேன். அந்த விளக்கத்தில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது: நீர்மூழ்கிக் கப்பல். நீர்மூழ்கியில் இருப்பவன் டாங்கியில் இருப்பவனைவிடக் குருடன், மணிக்கணக்காகக் காத்திருக்கிறான், ஒரு டார்பீடோவுக்கான முக்கோணக் கணக்கு எந்தப் பீரங்கிக் கணக்கையும்விடச் சிக்கலானது. ஆயினும் 2005-இல் வந்த ‘சைலண்ட் ஹண்டர் III’ போன்றவற்றைச் சுற்றி நீடித்த, வளமான ரசிகர் உலகம் உண்டு; மோட்கள் அதில் குவிந்து கிடக்கின்றன. அங்கே பொறுமையோடு அமர்ந்திருக்கும் மக்கள் இங்கே மட்டும் ஏன் பொறுமை இழக்க வேண்டும்?

வேறுபாடு நாற்காலியில் இருக்கிறது. நீர்மூழ்கி விளையாட்டில் நீங்கள் கப்டன், அவ்வளவுதான். கப்டன் டார்பீடோவைத் தூக்கி ஏற்றுவதில்லை, சுக்கானைப் பிடிப்பதில்லை, சொல்கிறார், நடக்கிறது. கப்பல் மெதுவாக நகர்வதால் சொல்வதற்கும் நடப்பதற்கும் இடையே நேரம் உண்டு. போர்விமான விளையாட்டில் அதற்கு நேர்மாறாக எல்லாம் ஒரே மனிதனின் கையில் இருக்கிறது. 1998-இல் வந்த ‘ஃபால்கன் 4.0’ எவ்வளவு தடிமனான கையேட்டோடு வந்தாலும், உண்மையான எஃப்-16-இலும் ஒருவர்தான் அமர்கிறார், விளையாட்டிலும் ஒருவர்தான் அமர்கிறார். டாங்கி இந்த இரண்டு வகையிலும் சேராது. அதன் வேலை மூவருக்கோ நால்வருக்கோ பிரிந்திருக்கிறது; அந்தப் பிரிவினை நொடிகளுக்குள் கூடி முடிந்தாக வேண்டும்.

அமெரிக்க டாங்கிக்குள் சுடுவதற்கு ஒரு வாய்ப்பாடு உண்டு. கமாண்டர் யாரை அழைக்கிறார், எந்தக் குண்டு, எந்த இலக்கு என்று மூன்று சொற்களில் ஆணையிடுவார். இலக்கைக் கண்டுகொண்டதும் கன்னர் குரல் கொடுப்பார். குண்டு ஏறியதும் அதை ஏற்றிய லோடர் குரல் கொடுப்பார். கமாண்டர் சுடச் சொல்வார். கன்னர் குண்டு புறப்படுவதை அறிவித்தபடி சுடுவார். 2022 செப்டம்பரில் மைக்ரோபுரோஸ் வழியாக எர்லி ஆக்சஸ் நிலையில், அதாவது முழுமையடையும் முன்பே, வெளிவந்த ‘கன்னர், ஹீட், பீசி!’ என்ற சிமுலேட்டரின் பெயரே அப்படிப்பட்ட ஆணைதான்: கன்னரே, கவசத்தைத் துளைக்கும் ஹீட் குண்டு, எதிரே படைவீரர்களைச் சுமக்கும் கவச வண்டி. டாங்கிப் போரின் திறமை குறி பார்ப்பதில் பாதியும் இந்தப் பேச்சு எவ்வளவு விரைவாக, எவ்வளவு பிசிறின்றி நடக்கிறது என்பதில் பாதியும் இருக்கிறது. அமெரிக்க ராணுவ ஆராய்ச்சி முகமையான டார்ப்பா 1983-இல் தொடங்கிய சிம்நெட் திட்டம் இதை நன்றாகப் புரிந்துகொண்டிருந்தது. கென்டக்கியின் ஃபோர்ட் நாக்ஸ் முதலிய இடங்களில் நிறுவப்பட்ட அதன் எம்1 டாங்கிக் கூண்டுகளில் காட்சிகள் மிக எளியவை, பல பொத்தான்கள் வெறும் படங்கள். அந்தக் கூண்டுகளுக்குள் நால்வர் அமர்ந்தார்கள். அப்படிப் பல கூண்டுகள் வலையமைப்பில் இணைந்தன. குழுவாக இயங்கக் கற்பதற்கு எது தேவையோ அதற்கு மட்டுமே செலவழித்து மற்றதை விட்டுவிட்டார்கள். ராணுவத்துக்கு இன்னொரு வசதியும் இருந்தது: நால்வரை வந்து உட்காரச் சொல்லி அதனால் ஆணையிட முடியும்.

வீட்டில் ஆணையிட யாரும் இல்லை. கடையில் விற்கப்படும் விளையாட்டு ஒருவருக்காக விற்கப்படுகிறது. அந்த ஒருவர் கமாண்டராக எதிரியைத் தேட வேண்டும். ஒரு பொத்தானை அழுத்திக் கன்னராக மாறிச் சுட வேண்டும். இன்னொன்றை அழுத்தி டிரைவராகி வண்டியைப் பின்வாங்கச் செய்ய வேண்டும். மறுபடி கமாண்டராக வேண்டும். நாதஸ்வரத்தை நான்கு சுரம் ஊதிவிட்டு, கீழே வைத்துவிட்டு, ஓடிப்போய்த் தவிலைத் தட்டிவிட்டு, ஒத்துக்காரனின் இடத்திலும் ஒரு நொடி நின்றுவிட்டுத் திரும்பி வருகிறவனுடைய கச்சேரி அது. பிற வேலைகளைக் கணினியின் ஆட்கள் பார்த்துக்கொள்ள விட்டால் வேறொரு தொல்லை வருகிறது. நாம் கண்ட எதிரியை அவர்கள் காண்பதில்லை, நாம் காணாததை அவர்கள் கண்டு சுட்டுவிடுகிறார்கள், பள்ளத்தில் மறைந்து நில் என்று சொன்னால் முகட்டின் மேல் போய் நிற்கிறார்கள். வேர்ல்ட் ஆஃப் டாங்க்ஸ் இந்தச் சிக்கலை ஒரே வெட்டில் தீர்த்தது. நால்வரையும் நீக்கிவிட்டு டாங்கியையே ஓர் உயிருள்ள பிராணியாக ஆக்கி, அதன் முதுகுக்கு மேல் கண்ணை வைத்தது. உள்ளே இருப்பவர்கள் படமாகவும் பயிற்சி விழுக்காடாகவும் ஒரு மூலையில் கிடக்கிறார்கள். இதை ஏளனமாகச் சொல்லவில்லை. ஒருவருக்கு விற்க வேண்டிய பொருளுக்கு அதைவிடக் கெட்டிக்காரத்தனமான தீர்வு எனக்குத் தோன்றவில்லை.

அப்படியானால் நால்வரும் மனிதர்களாகவே இருக்கலாமே என்று கேட்கலாம். அந்த வழி உண்டு. ஈசிம் கேம்ஸ் நிறுவனத்தின் ‘ஸ்டீல் பீஸ்ட்ஸ்’ தொடரில் ஒரே டாங்கியின் இருக்கைகளை வெவ்வேறு வீட்டில் இருப்பவர்கள் பகிர்ந்துகொள்ளலாம். அப்படி ஒருமுறை ஆடிப் பார்த்தவருக்குத் தனியாக ஆடுவது பிறகு சப்பென்றுதான் இருக்கும். ஆனால் ஆட்களைச் சேர்ப்பது ஒரு தனிப் போராட்டம். என் நண்பர்கள் நால்வர் சேர்ந்து கைப்பேசியில் பிஜிஎம்ஐ ஆட இரவு பத்து மணிக்கு அழைக்காமலே வந்துவிடுவார்கள். அதே நால்வரை ஒரு டாங்கிக்குள் ஏற்ற என்னால் முடிந்ததில்லை. ஆளெண்ணிக்கை ஒன்றுதான், வேலைதான் வேறு. அங்கே ஒவ்வொருவருக்கும் ஒரு துப்பாக்கி, ஒரு கண், தனித்தனியான சாவு. இங்கே ஒருவர் சுடுவார், ஒருவர் தேடுவார், ஒருவர் பள்ளத்துக்குள் வண்டியை நிறுத்திவிட்டு எதிரே உள்ள மண்மேட்டை இருபது நிமிடம் பார்த்துக்கொண்டிருப்பார். லோடராக இருக்க எவரும் இசையமாட்டார்கள் என்பதை உணர்ந்தே பெரும்பாலான சிமுலேட்டர்கள் அந்த வேலையைக் கணினியிடம் விட்டுவிட்டன. எவ்வளவு நன்றாக ஓட்டினாலும், கன்னரின் தவறால் எல்லோரும் ஒன்றாகச் சாவார்கள்.

இதில் வியப்பான செய்தி ஒன்று உண்டு. டாங்கிக் குழு உயிரோடு இருப்பது காலாட்படை விளையாட்டுகளுக்குள்தான். ஒரு பக்கத்துக்கு ஐம்பது பேர் மோதும் ‘ஹெல் லெட் லூஸ்’ விளையாட்டில் ஒரு டாங்கிக்கு மூவர் தேவை. டிரைவருக்குக் கன்னரின் கண்ணாடி தெரியாது, கன்னருக்குச் சாலை தெரியாது, கமாண்டர் இருவருக்கும் வாயால் சொல்ல வேண்டும். அதன் கவசக் கணக்கு எளியது. சிமுலேட்டர்காரர்கள் அதைக் கண்டு உதட்டைப் பிதுக்குவார்கள். ஆனால் மூன்று அந்நியர்கள் ஒரு மைக்கில் கத்திக்கொண்டே ஒரு டாங்கியை ஓட்டும் காட்சி அங்கே ஒவ்வோர் இரவும் நடக்கிறது. காரணம், அங்கே டாங்கி பழுதானால் இறங்கி வேறு வேலை பார்க்கலாம். அலுத்தால் துப்பாக்கியை எடுத்துக்கொள்ளலாம். கூட்டம் ஏற்கெனவே கூடியிருக்கிறது, அதிலிருந்து மூவரைப் பிரித்தெடுத்தால் போதும். 2006-இன் ‘ரெட் ஆர்கெஸ்ட்ரா: ஆஸ்ட்ஃப்ரண்ட் 41-45’ விளையாட்டின் மேல் எழுந்த ‘டார்க்கெஸ்ட் ஹவர்’ என்ற மோட் நெடுங்காலம் ஆட்களைத் தக்கவைத்திருப்பதும் இதே முறையில்தான். டாங்கியின் இரண்டு பாதிகள் இவ்வாறு பிரிந்துபோயின: குழு ஒரு வகை விளையாட்டிடமும், குண்டின் கணக்கு இன்னொரு வகை விளையாட்டிடமும். முழு டாங்கியைக் கேட்பவர்கள் நடுவில் நிற்கிறோம். நாங்கள் சிலர்தான்.

இந்த நிலை எப்போதும் இப்படி இருக்கவில்லை. 1990-களின் கடைசியில் ‘ஐஎம்1ஏ2 ஏப்ராம்ஸ்’, ‘ஆர்மர்டு ஃபிஸ்ட் 2’, ‘ஸ்பியர்ஹெட்’, ‘எம்1 டாங்க் பிளட்டூன் II’ எனக் கடை அலமாரியில் அடுக்கும் அளவுக்கு டாங்கி விளையாட்டுகள் வந்தன. அன்று கணினி வைத்திருந்தவர்களே சிறு கூட்டம் என்பதால், அந்தக் கூட்டத்தின் ஒரு பகுதியே ஒரு நிறுவனத்துக்குப் போதுமாக இருந்தது. 1999-இல் வந்த ‘பன்சர் எலீட்’ அந்த அலையின் சிறந்த படைப்பு. ஏழு ஆண்டுகள் கழித்து அதே பெயர் ‘பன்சர் எலீட் ஆக்‌ஷன்’ என்று விளையாட்டுப் பெட்டிகளுக்கான அதிரடிச் சுடும் ஆட்டமாகத் திரும்பி வந்தது. பெயருக்கு மதிப்பு இருந்தது, உள்ளடக்கத்துக்கு இல்லை. கிராவிடீமும் ஸ்டீல் ஃப்யூரிக்குப் பிறகு டி-62, எம்60ஏ1 ஆகியவற்றை வைத்து ‘ஸ்டீல் ஆர்மர்: பிளேஸ் ஆஃப் வார்’ செய்து பார்த்தது. ஒவ்வொரு குண்டும் சுட்டபின் டி-62-இன் பீரங்கி தானே நிமிர்ந்து நின்று வெற்றுக் கூட்டை டரெட்டின் பின்பக்கத்து மூடி வழியாக வெளியே எறிவதையும், அதுவரை கன்னர் கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பதையும்கூட அவர்கள் விடவில்லை. இந்த ஒரு நுணுக்கத்துக்காகவே அதை நான் விலை கொடுத்து வாங்கினேன். இதற்காக விலை கொடுப்பவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்று அப்போதே சந்தேகமாக இருந்தது. பிறகு அந்த நிறுவனத்தின் பெரும் உழைப்பு மேலிருந்து களத்தைப் பார்க்கும் போர்த்தந்திர விளையாட்டுகளுக்குப் போனது. ‘ஆர்மா 3’ என்ற போர்க்கள விளையாட்டு 2013-இல் வெளிவந்தபோது அதன் டாங்கிகளுக்கு உள்ளறையே கிடையாது. பெரிஸ்கோப் காட்சி மட்டும்தான். உள்ளறைகள் 2018-இன் ‘டாங்க்ஸ்’ இணைப்போடுதான் வந்தன. ஐந்தாண்டுகள் அது இல்லாமலே பெருங்கூட்டம் மகிழ்ச்சியாக இருந்தது. ‘ஐஎல்-2’ விமானத் தொடரின் துணையாக 2020-இல் நிறைவடைந்த ‘டாங்க் க்ரூ’ பத்து கவச வாகனங்களை உள்ளறைகளோடு செதுக்கித் தந்தது. குர்ஸ்க் களத்தில் அவ்வளவு பாடுபட்டுச் செய்த டாங்கிகளின் தலைக்கு மேல் விமானிகள் குண்டோடு பறந்துகொண்டிருந்தார்கள் என்பது வேறு கதை.

இனி மோட்கள். ஒரு சிமுலேட்டருக்கு ஒரே ஒரு டாங்கியைப் புதிதாகச் சேர்ப்பது எத்தகைய வேலை என்பதை வெளியே இருப்பவர்கள் ஊகிக்கமாட்டார்கள். வெளித்தோற்றத்தை வடித்தால் போதாது. ஒவ்வொரு தகட்டின் தடிமனும் சாய்வும் வேண்டும். எரிபொருள் தொட்டி எங்கே, குண்டுகள் எங்கே அடுக்கப்பட்டிருக்கின்றன, யார் எங்கே அமர்கிறார் என்பதெல்லாம் வேண்டும். குறிநோக்கியின் கோடுகள் அந்த நாட்டின் அந்த ஆண்டுக்குரியவையாக இருக்க வேண்டும். ஒவ்வொரு குண்டுக்கும் வேகமும் துளைக்கும் ஆழமும் தொலைவுவாரியாக வேண்டும். இவற்றுக்காகப் பழைய ராணுவக் கையேடுகளைத் தேடிப் படிக்க வேண்டும். ஸ்டீல் ஃப்யூரிக்கு ரசிகர்கள் செய்த எஸ்டிஏ என்ற பெரும் தொகுப்பு இப்படித்தான் பல ஆண்டுகளில் வளர்ந்தது. மூன்று வாகனங்களோடு வந்த விளையாட்டு, டைகர் முதல் பாந்தர் வரை ஏராளமான வாகனங்களோடு மூல நிறுவனமே கற்பனை செய்திராத அளவுக்கு விரிந்தது. பன்சர் எலீட்டுக்கு ‘ஆஸ்ட்பாக்’ முதலிய தொகுப்புகள் கிழக்குப் போர்முனையையே கொண்டுவந்தன. உழைப்பின் அளவை வைத்துப் பார்த்தால் இவை வணிக வெளியீடுகளுக்குச் சற்றும் குறைந்தவையல்ல.

ஆனால் இந்த மோட்கள் எந்தத் திசையில் உழைக்கின்றன என்று பாருங்கள். வேர்ல்ட் ஆஃப் டாங்க்ஸில் பெரும் புகழ் பெற்ற எக்ஸ்விஎம் மோட், போரில் இருப்பவர்களின் திறன் எண்கள் உட்பட இன்னும் அதிகமான தகவலைக் கண்முன் வைத்தது. மோட் போட்டவனுக்கு அதிகம் தெரியும். சிமுலேட்டர் மோட்களில் அநேகமானவை இதற்கு எதிர்த்திசையில் போகின்றன. மூல விளையாட்டு இரக்கப்பட்டு விட்டுவைத்திருந்த குறியை நீக்குகின்றன; பெரிஸ்கோப்பின் கண்ணாடியை இன்னும் மங்கலாக்குகின்றன; எதிரியின் மறைவைத் திருத்துகின்றன. மோட் போட்டவனுக்கு இன்னும் குறைவாகத் தெரியும். ஏற்கெனவே உள்ளே அமர்ந்திருப்பவர்களின் ஆசைக்கு ஏற்பவே இவை செய்யப்படுகின்றன. வாசலில் நிற்கிறவருக்கு வாசல் இன்னும் குறுகலாகத்தான் தெரியும். எத்தனை புதிய டாங்கிகளைச் சேர்த்தாலும் எந்த மோட்டும் அந்த டாங்கிக்கு இன்னொரு மனிதரைச் சேர்க்க முடியாது என்பதுதான் இதன் அடிப்படைக் குறை. கணினி ஆட்களின் மூளையை மேம்படுத்துவதற்கு மூல நிரல் வேண்டும். அது ரசிகர்கள் கையில் இருப்பதில்லை.

நிறுவுகிற தொல்லையையும் சொல்ல வேண்டும், சுருக்கமாக. ஆர்மாவுக்கு ஸ்டீம் என்ற இணையக் கடையில் ஒரு பொத்தானை அழுத்தினால் மோட் வந்து சேரும். ஸ்டீல் ஃப்யூரிக்கு ஜேஎஸ்ஜிஎம்இ என்ற சிறு கருவியை வைத்து, எது முன்னால் எது பின்னால் என்ற வரிசை தவறாமல் ஒவ்வொன்றாக ஏற்ற வேண்டும். விளக்கக் குறிப்பு பெரும்பாலும் ரஷ்ய மொழியில் இருக்கும். பதிவிறக்க இணைப்பு செத்திருக்கும். செய்தவர் எப்போதோ இந்தப் பொழுதுபோக்கையே விட்டுப் போயிருப்பார். கன்னர், ஹீட், பீசி! போல இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும் விளையாட்டில் வேறு வகைத் தொல்லை: நிறுவனம் புதிய பதிப்பை வெளியிடும் ஒவ்வொரு முறையும் மோட்கள் உடைகின்றன, செய்தவர் மறுபடி உட்கார்ந்து திருத்த வேண்டும். திருத்தச் சொல்லிக் கேட்பவர்கள் பத்துப் பேர் என்றால் எத்தனை முறை ஒருவர் திருத்துவார்?

இவ்வளவுக்கும் நடுவில் ஸ்டீல் பீஸ்ட்ஸ் எப்படி 2000-ஆம் ஆண்டிலிருந்து உயிரோடு இருக்கிறது என்று கேட்டால், அது நம்மை நம்பி இல்லை என்பதுதான் விடை. டென்மார்க், ஸ்வீடன், ஸ்பெயின், ஆஸ்திரேலியா போன்ற நாடுகளின் ராணுவங்கள் அதன் தொழில்முறைப் பதிப்பை வாங்கிப் பயிற்சிக்குப் பயன்படுத்துகின்றன; நமக்குக் கிடைப்பது அதிலிருந்து சிந்தியது. அதனால்தான் அதில் எந்த வாகனம் வரும் என்பதை ரசிகர்களின் ஆசையைவிட வாடிக்கையாளர்களின் தேவையே பெரும்பாலும் முடிவு செய்கிறது. அதனால்தான் அதன் மோட்களும் ஒலி, வண்ணம், களப்பணிகள் என்ற எல்லைக்குள் நின்றுவிடுகின்றன, ரசிகர் புதிய டாங்கி செய்து சேர்க்க இடமில்லை. கைவிடப்பட்ட ஸ்டீல் ஃப்யூரியில் மோட்கள் காடாக வளர்ந்தன. பராமரிக்கப்படும் ஸ்டீல் பீஸ்ட்ஸில் வேலிக்குள் நிற்கின்றன. எனக்கு முன்னதன் மேல் பாசம், பின்னதன் மேல் மரியாதை.

கன்னர், ஹீட், பீசி! மட்டும் இந்தச் சட்டகத்துக்குள் சரியாக அடங்கவில்லை. அது நான் எதிர்பார்த்ததைவிடப் பலரை ஈர்த்திருக்கிறது. அது செய்த தேர்வு எளியது. குண்டும் கவசமும் எப்படி மோதுகின்றன என்பதில் சமரசமே இல்லை. ஓட்டுவதிலும் இருக்கை மாறுவதிலும் நிறையச் சமரசம். பொத்தான்கள் குறைவு. கணினியின் ஆட்கள் வாய்ப்பாடு மாறாமல் குரல் கொடுப்பதால், தனியாக இருக்கும்போதும் யாரோ கூட இருப்பதுபோன்ற பாவனை கிடைக்கிறது. நால்வரின் வேலையை ஒருவரிடம் சுமத்தாமல், கன்னரின் இருக்கையை மட்டும் முழுதாகக் கொடுத்துவிட்டு மற்றதை ஒலியாக மாற்றிவிட்டார்கள். எம்1-இல் லேசரை அழுத்தினால் கணிப்பொறி தொலைவையும் முன்தள்ளலையும் தானே கணக்கிடும்; டி-72எம்1-இல் தொலைவை மட்டும்தான் கருவி ஏற்கும், முன்தள்ளுவது நம் கண்ணின் பொறுப்பு. ஆவடியில் அஜேயா என்ற பெயரில் உருவாகிய டாங்கியும் இந்த வகைதான் என்பதால் சென்னைக்காரனான எனக்கு அந்தக் கண்ணாடியின் மேல் சற்றுக் கூடுதல் உரிமையுணர்ச்சி உண்டு.

ஆகவே இதுவரை படித்துவிட்டு இறங்கிப் பார்க்கலாமா என்று யோசிப்பவருக்கு நான் சொல்வது இதுதான். கன்னர், ஹீட், பீசி!-யில் கிராஃபென்வோர் பயிற்சித் திடலிலிருந்து தொடங்குங்கள். அங்கே இலக்குகள் திருப்பிச் சுடுவதில்லை. மோட்களை உடனே தொடாதீர்கள். எம்1-இல் பழகிய கை டி-55-க்கு மாறும்போது எரிச்சல் வருகிறதா, ஆர்வம் வருகிறதா என்று பாருங்கள். எரிச்சல் வந்தால் அங்கேயே நிற்கலாம், அதில் குறையொன்றுமில்லை. ஆர்வம் வந்தால் ஸ்டீல் ஃப்யூரியைத் தேடி எஸ்டிஏ-வை ஏற்றுங்கள், முழு மாலைப்பொழுதையும் அதற்கு ஒதுக்கிவிட்டு. இன்னும் இருவர் உடன் வரச் சம்மதித்தால், ஸ்டீல் பீஸ்ட்ஸுக்குக் குறுகிய கால உரிமம் விற்கிறார்கள். அதை வாங்கிப் பாருங்கள். யார் டிரைவர் என்பதை மட்டும் பணம் கட்டுவதற்கு முன்பே பேசி முடித்துக்கொள்ளுங்கள்.